சவரிக்கு இலக்கத் தகடு

கடலில் நனைகிற நூல் எதுவானாலும் அது வலையே என்று கரையோர நூல் உபகரண ஒழுங்குபடுத்தல் உப காரியாலயம் தீர்மானித்திருந்தது. நல்ல தீர்மானம்தான். ஆலங்குடா முஃபீதாவின் கொட்டிலை அது எட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் அதனால் தலைவலி வரவில்லை.

முஃபீதா கரையில் உல்லாசப் பயணிகளுக்கு நைலோன் சவரிமுடி சேர்த்துப் பின்னிவிடுபவள். காற்றுக் காலம் முடியும்வரை வீட்டு அடுப்பு அவள் விரல்களை நம்பித்தான் எரிந்தது. புருஷன் ஹுனைஸுக்குக் கடலில் மீன் படுவது குறைவு. வாயில் கதை படுவது அதிகம்.

"நைலோனைத் தலையில பின்னுறாளுகளாம்! என்ட வலையையும் கொண்டு போய் ஒருத்திட தலையில கட்டிவிடு."

அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பாதித் தலை முடிந்திருந்தது. விடிந்தால் அவளுக்கு விமானம். முஃபீதா தெரிந்த இங்கிலீஷில் பராமரிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடலால் ஏறினதும் நல்ல தண்ணியில் அலச வேணும், நிழலில் உலர்த்த வேணும், ஈரத்தோடு சுருட்டக்கூடாது, இழுத்துச் சிக்கெடுக்கக்கூடாது.

அவ்வழியே வந்த பரிசோதகர் பதியுதீன் நின்றார். சுற்றறிக்கையை விரித்தார். வலை பராமரிப்பு, பந்தி ஏழு. அவள் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை.

"அனுமதியில்லாத வலை" என்று முடிக்கட்டு முழுவதையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பாதித் தலைக்காரியையும் இழுத்துக்கொண்டு முஃபீதா காரியாலயத்துக்கு ஓடினாள்.

"சேர், இது முடி."

"கடலில நனையுமா, நனையாதா?"

"குளிச்சா நனையும்தானே."

"அப்ப வலை. பதிஞ்சாத் திருப்பித் தரலாம். எவ்வளவு ஆழத்தில இறக்குவீங்க?"

"கழுத்தளவு."

"கண்ணின் அளவு?"

முஃபீதா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "பெரிய கண் சேர். நீலம்."

"நல்லது. சின்னக் கண் வலை தடை." எழுதினார். "இதுவரை என்ன பட்டிருக்கு?"

"கடலில கைட் ஓட்டுற பொடியன்மார் ரெண்டு பேர்."

"இனம்?"

"ஒருத்தன் இத்தாலி. மத்தவன் தெரியா."

முடிக்கட்டு திரும்பி வந்தது. கூடவே ஒரு தகர இலக்கத் தகடு. பதிந்த வலை ஒவ்வொன்றிலும் அது தொங்க வேண்டுமாம். முஃபீதா மிச்சப் பாதியையும் பின்னி, நுனியில் தகட்டைக் கட்டி, வெட்கத்தோடு அனுப்பிவைத்தாள்.

அந்தப் பெண் விமானம் ஏறமுன் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். மறுநாள் கொட்டில் வாசலில் வரிசை. தகடு இல்லாத சவரி பழைய மோஸ்தராகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒருத்தி சவரியே வேண்டாம், தகடு போதும் என்றாள். மாதக் கடைசியில், முஃபீதாவின் கையில் மிஞ்சிய ஒன்றைத் தவிர, காரியாலயத்துத் தகடெல்லாம் தலையேறிவிட்டன. வலைகளைப் பதிந்ததில் முதலிடம் பிடித்ததற்காகப் பதியுதீனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடையின் மடிப்புக் கலையமுன் அவர் ஹுனைஸின் வலையைக் கரையில் மறித்தார்.

"தகடு எங்க?"

"தாங்க சேர், கட்டுறன்."

"கையிருப்பில்லை. தகடு வரும்வரைக்கும் கடலுக்கு இறங்கேலாது."

"என்ட பொஞ்சாதிட்ட கடைசித் தகடு ஒண்டு ஈக்கே!"

பதியுதீன் பதிவைப் புரட்டினார். "அது தலையோடு சேர்த்துப் பின்னிய வலைக்குரியது. தனி வலைக்குச் செல்லாது."

ஹுனைஸ் கொட்டிலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, வாடிக்கையாளர் கதிரையில் குந்தினார்.

"வலையைச் சேர்த்துப் பின்ன என்ட தலையில இருக்கிற முடி காணுமா, பாரு."

"ஒருத்திட தலையில கட்டச் சென்னது நீங்கதானே?"

"கதைக்காமப் பின்னு."

விடிய வள்ளம் தள்ளும்போது வலையின் ஒரு தலைப்பு ஹுனைஸின் தலையிலும் மிச்சம் வள்ளத்திலும் இருந்தது. காதோரம் தகடு கிலுங்கியது. பதியுதீன் இலக்கத்தைச் சரிபார்த்தார், ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார், கையெழுத்து வைத்தார்.

"திறம். திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில அலசி, நிழலில உலர்த்துங்க."

"எதை சேர்? வலையையா, தலையையா?"

பதியுதீன் சுற்றறிக்கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பந்தி ஏழில அந்த வித்தியாசம் இல்லை."