மச்சானுக்கு எழுதிய மூன்று காரணிகள்

ஈசுவர வருஷம், மார்கழி மாதம்.

சேலத்தில் கணித உபாத்தியாயராய் விளங்கும் மைத்துனர் குழந்தைவேல் அவர்களுக்கு, சங்ககிரிக்குத் தெற்கேயிருந்து அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதியது. இங்கே நான், தங்கள் தங்கை சென்னியம்மாள், மகள் உண்ணாமலை மூவரும் சுகம். அங்கே எல்லோரும் சுகமா என்று விசாரிப்பது மரியாதை; ஆகவே விசாரிக்கிறேன்.

ஆடி நோன்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, பத்துப் பேர் சாப்பிடும் பந்தியில் தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. என் கல்யாணத்தில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்ற வந்தவனைத் தாங்கள் தடுத்ததையே மறக்காதவன் நான். "மாப்பிள்ளை சரித்திரத்துல பி.ஏ. பெருக்கல் வராதவங்களுக்குன்னே சர்க்கார் வச்ச படிப்புங்க அது," என்றீர்கள். தை பிறப்பதற்குள் உண்ணாமலைக்குப் பீஜ கணிதத்தில் காரணிப்படுத்தல் கற்பித்துவிட்டால் அவள் என் வீட்டிலேயே படிக்கலாம், இல்லையேல் தங்கள் வீட்டில் தங்கிச் சேலத்தில் படிக்கவேண்டும் என்று ஒரு கணக்கையும் போட்டுவிட்டுப் போனீர்கள். தங்கள் மகன் கந்தவேலுக்கு அவளை முடிக்கத்தான் இந்த வழி என்பது எனக்குத் தெரியாதா? இருப்பது ஒரே பெண். அவளை ஒரு கணக்குக்குத் தோற்பதில்லை என்று அன்றே உறுதி செய்தேன்.

முதலில் சிறிய கணக்குகளில் ஆரம்பித்தேன். பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டினால் ஏழு வரும் இரண்டு எண்களைத் தேடிக்கொண்டே மாட்டுச் சந்தைக்குப் போனேன். அங்கே துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. தரகன் காத்தான் என் கையைத் துண்டுக்குள் இழுத்த அதே க்ஷணத்தில் விடை உதித்தது. சந்தோஷத்தில் அவனுடைய மூன்று விரலைப் பிடித்தேன், பிறகு நாலு விரலைப் பிடித்தேன். "வெலை படிஞ்சு போச்சுங்க!" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டான். அது எக்ஸுக்காகப் பிடித்ததப்பா என்றேன். "எக்ஸுங்கறவரு எந்த ஊருங்க சாமி? அவரு வந்தா நான் பேசிக்கறேன், நீங்க மாட்ட ஓட்டிட்டுப் போங்க," என்கிறான். வீட்டுக்கு வந்த மாடு முதலில் தண்ணீர்த் தொட்டியை உதைத்தது, பிறகு என்னை உதைத்தது. "எங்கண்ணங்கிட்ட உட்டிருந்தா ஒரு வெத்தல போடறதுக்குள்ள கணக்க முடிச்சுப் போட்டிருப்பாரு," என்று தங்கள் தங்கை என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள். எண்ணெய் எரியவில்லை; அந்தச் சொல் எரிந்தது.

அதற்கும் நான் அசரவில்லை. தாங்கள் சோதனைக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போன கணக்கையே எடுத்தேன்: எக்ஸ் கனம், கழித்தல் ஏழு எக்ஸ், கூட்டல் ஆறு. நடுவில் எக்ஸ் வர்க்கத்தைக் காணோம். தங்கள் குடும்பத்துச் சீர்வரிசையிலும் ஏதாவது ஒன்று இப்படிக் காணாமல்தான் போகும். இருந்தாலும் எக்ஸுக்கு ஒன்று என்று போட்டேன், மொத்தமும் பூச்சியமாயிற்று. இரண்டு போட்டேன், மறுபடியும் பூச்சியம். ஒன்று, இரண்டுக்குப் பிறகு மூன்று என்பது உதைக்கிற மாட்டுக்கும் தெரியுமாதலால் அதைப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை. ஆகவே காரணிகள்: எக்ஸ் கழித்தல் ஒன்று, எக்ஸ் கழித்தல் இரண்டு, எக்ஸ் கழித்தல் மூன்று. உண்ணாமலைக்கும் இவ்விதமே கற்பித்தாயிற்று. அவள் எங்கும் வரமாட்டாள்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். சிரஞ்சீவி கந்தவேலுக்கு நீண்ட ஆயுளும், வேறெங்காவது நல்ல இடத்தில் சம்பந்தமும் அமைய ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அர்த்தநாரி, பி.ஏ.

பின்குறிப்பு: தபாலில் சேர்க்க எடுத்துப்போன உண்ணாமலை, இதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அப்பா, மூணு போட்டா பன்னெண்டு வருதுங்க. கழித்தல் மூணு போட்டாத்தான் பூச்சியம். கடைசிக் காரணி எக்ஸ் கூட்டல் மூணுங்க," என்றாள். போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டால், மாமா போட்டுவிட்டுப் போன அன்றைக்கே என்கிறாள். "நீங்க அவ்வளவு ஆசையாப் போட்டுட்டிருந்தீங்க. சொல்ல மனசு வல்லீங்க." சற்று நின்று, "சேலத்துல இதுக்கு மேலயும் கணக்கு இருக்குதாமா. நான் போய்ப் படிக்கறேனுங்கப்பா," என்றாள். அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல என்னால் ஆகவில்லை. தை பிறந்ததும் வந்து அழைத்துப் போகவும். சம்பந்தப் பேச்சை எடுத்தால் என்ன சொல்வாய் என்றும் கேட்டுவிட்டேன். "அந்தக் கணக்க மொதல்ல கந்தவேலு மச்சான் போடட்டும்ங்க," என்கிறாள். மேலே நான் எழுதியுள்ள விடையைப் பையனுக்குத் தாராளமாகக் காட்டலாம்.