ஏசி ரூமில் ஒரு மௌனம்

தெளிவாக யோசிக்க வேண்டுமா? காலையில் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். போன் வீடியோவில் கோட்டுப் போட்ட ஆசாமி ஒருவர் இப்படிச் சொன்னதும், கே.கே. நகர் நல்லகாமனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. பிறக்காதா பின்னே! அந்த நேரத்தில்தானே மோட்டார் போடணும், பால் வாங்கணும், காய் நறுக்கணும். எல்லாவற்றுக்கும் ஒரே முழுக்கு.

"ஜோதி, நாளையிலருந்து ஆறுல இருந்து ஏழு வரைக்கும் நான் மௌனம். மூளை தெளிஞ்சாத்தான் காரியம் நடக்கும்."

"நடுவுல பேசிட்டீங்கன்னா?"

"நானா? பேசிட்டா அன்னைக்குப் பூரா நீ வச்சதுதான் சட்டம்!"

மனைவி நாகஜோதி சரியென்று போய்விட்டாள். சண்டை போடாமல் போனாளே, அப்போதே மனுசன் உஷாராகியிருக்க வேண்டாமா?

மௌனம் நடந்த இடம் முன்ரூம். வீட்டில் ஏசி உள்ள ஒரே ரூம். மதுரை வெயிலுக்கு அதுதான் அவருடைய சொர்க்கம். போலீஸ் பரீட்சைக்குப் படிக்கும் தன் தம்பி அழகுமலையை அங்கே தங்க வைக்கணும் என்று நாகஜோதி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். இவர் மசியவே இல்லை.

ஒரு காலையில் கண்ணை மூடி, தெளிவு வருவதற்குள் தூக்கம் வந்து சொக்கிக்கொண்டிருந்தார். டமார் என்று சத்தம். கண்ணைத் திறந்தால் எதிரே டிரங்குப் பெட்டி, பாய், தலையணை, அதற்குப் பின்னால் சமயநல்லூரிலிருந்து வந்திறங்கிய அழகுமலை.

"கும்புடுறேன் மச்சான்."

"ஏங்க, பரீட்சை முடியிற வரைக்கும் தம்பி இங்கனயே இருக்கட்டும். வேணாம்னா வாயத் தொறந்து சொல்லிருங்க" என்றாள் நாகஜோதி, தேன் ஒழுக.

'வேணாம்' தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் இன்றைக்கு அவள் சட்டம். அந்தச் சட்டத்தில் முதல் வரியே தம்பியாகத்தான் இருக்கும். திறக்காவிட்டால் சம்மதம். அடிப்பாவி, எப்படிப் போட்டாலும் மாட்டிக்கிட்டேனே! தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

"பாத்தியாடா, மச்சான் சரிங்கிறாரு."

"மாட்டேன்னு ஆட்டுற மாதிரில்ல இருக்கு?"

"உனக்கென்னடா தெரியும்? கல்யாணம் ஆனதுலருந்து நான் பாக்குற தலை."

சொன்னவள் அப்படியே அப்பாவுக்கும் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "அப்பா, உங்க மாப்ள மறுத்து ஒரு வார்த்தை பேசலப்பா."

"பேசுவாரா? எங்க மாப்ள தங்கமுல்ல! இரு, இந்தா ஊர் மந்தையில எல்லாருமா உக்காந்திருக்கோம். ஏலேய், கேட்டீங்களா!"

ஊருக்கே தெரிந்துபோயிற்று. ஏழு மணி அலாரம் அடித்ததுதான் தாமதம், "முடியா..." என்று நல்லகாமன் துள்ளி எழுந்தார். அதற்குள் அழகுமலை தடாலென்று காலில் விழுந்துவிட்டான்.

"மச்சான், எங்கப்பாகூட எனக்கு இம்புட்டுச் செஞ்சதில்ல."

கண்ணில் தண்ணீர் வேறு. மனுசன் என்னதான் செய்வார்?

"நல்லாயிரு மாப்ள" என்றார்.

அன்று முழுக்க ஹாலில் ஃபேனுக்கு அடியில் புழுங்கியே செத்தார். மறுநாள் விடியும் முன்னே மோட்டாரைப் போட்டு, பாலை வாங்கி, அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிட்டார்.

"ஜோதி, இனிமே மௌனமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

"அய்யய்யோ, நல்ல பழக்கத்த விட்டுறாதீங்க" என்று பதறினாள் நாகஜோதி. "நாளைக்குக் காலையில என் தங்கச்சி குடும்பத்தோட வாரா."