கொர்மே சப்ஸியில் காரட்

ஹூமன் எழுதிய கதைகளை ஈரானின் ஷிராஸ் நகரமே கொண்டாடியது. நகரம் என்றால், போனில் இருக்கும் எழுத்தாளர் குழுவில் ஒரு நாற்பது பேர். "உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்!" "உங்கள் பேனாவுக்கு நான் பலி!" ஷிராஸ்காரர்கள் உபசார வார்த்தையில் குறை வைக்கமாட்டார்கள். ஆனால் எந்தப் பத்திரிகையும் அந்தக் கதைகளைச் சீந்தவில்லை. சாவதற்குள் ஒரு கதையாவது அச்சில் வரவேண்டுமே என்று மனுஷன் ஏங்கிப்போனான்.

அப்போதுதான் குழுவில் 'உப்பு' என்ற பெயரில் ஓர் ஆள் முளைத்தது. முகமில்லை, ஊரில்லை. முதல் வரியே இப்படி: "கதாநாயகி நாள் முழுக்க டீ கொடுக்கிறாளே, ஐயா, அவள் உட்காரவே மாட்டாளா?"

ஹூமனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் அவளை உட்கார வைத்துப் பார்த்தான். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தாள். அட, கதைக்கு உயிர் வந்துவிட்டது! உப்பு சொன்னபடியெல்லாம் வெட்டினான், ஒட்டினான். ஒரு பத்திரிகை கதையை எடுத்துக்கொண்டது.

கண் கலங்கிப்போய் உப்புக்குத் தனியாக எழுதினான்: "உங்களைக் கடவுள்தான் அனுப்பினார். என் வீட்டுக்காரி ரசனை கெட்டவள். நீங்கள் மட்டும் இல்லையென்றால் நான் அம்போதான்."

மறுநாள் மனைவி நஸ்தரனிடம் டீ கேட்டான்.

"நாள் முழுக்க டீதானா? நான் உட்காரவே கூடாதா?"

ஹூமன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். உப்பு எழுதிய அதே வரி! ஐயோ, இவளா? இவளாக இருந்தால் அவன் தொலைந்தான். கண்டுபிடிக்க ஒரு வலை விரித்தான். புதுக் கதையில் கதாநாயகி கொர்மே சப்ஸி சமைக்கிறாள். அந்தக் கீரைக் குழம்பில் காய்ந்த எலுமிச்சைக்குப் பதில் காரட்டைப் போடுகிறாள்! நஸ்தரன் மட்டும் படித்தால் அடுப்படியிலிருந்தே கத்தித் தீர்த்துவிடுவாள்.

குழுவில் போட்டான். "ஆஹா, என்ன மணம்! உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்!" காரட்டைப் பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. உப்பும் வாய் திறக்கவில்லை. அடுப்படியிலும் சத்தமில்லை. அப்பாடா என்று சாப்பிட உட்கார்ந்தான்.

தட்டில் கொர்மே சப்ஸி. நடுவில் துண்டு துண்டாகக் காரட்.

"நஸ்தரன்... என்ன இது?"

"ஏன், நாற்பது பேரும் ஆஹான்னாங்களே? சாப்பிடுங்க, ஹூமன் ஜான். ரசனை கெட்டவ சமைச்சது."

"அடிப்பாவி! நேர்ல சொல்லியிருக்கலாமே?"

"நேர்ல சொன்னப்போ தலைவலின்னு போர்த்திக்கிட்டுப் படுத்தீங்களே, மறந்துபோச்சா?"

ஒரு கரண்டி வாயில் வைத்தான். கண்றாவி. ஆனாலும் அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. தன் எழுத்தை வரி விடாமல், பொய் சொல்லாமல் படித்த ஒரே ஜீவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. காரட்டோடு தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிடு, நஸ்தரன். நீ இல்லேன்னா அந்தக் கதை அச்சுல வந்தேயிருக்காது. நீதான் என் கண்ணு, என் விளக்கு, என் வாழ்க்கைத் தோட்டத்துல வாடாம பூத்த..."

"முதல் ரெண்டு வரி நல்லாருக்கு," என்றாள் நஸ்தரன். "மீதியை வெட்டிடுங்க."