கார்வி பார்க் நினைவுக் காப்புக் கழகமும் ஒரு பித்தளைப் பலகையும்

உலக வரலாற்றைக் கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின் என்று பிரித்தவர்கள் கார்வி பார்க்குக்கு வந்ததில்லை. வந்திருந்தால், எங்கள் ஸ்கேட்டிங் கூடம் இடிபடுவதற்கு முன், இடிபட்டதற்குப் பின் என்று பிரித்து வேலையைச் சுலபமாக முடித்திருப்பார்கள். மெல்பர்னின் தென்கிழக்கு ஓரத்தில், ரயிலில் பாதிப் பேர் தூங்கிவிட்ட பிறகு வரும் ஊர் எங்களுடையது. இங்கே மறைந்துபோன இடங்கள் இருக்கும் இடங்களைவிட அதிகம். அதில் எங்களுக்குப் பெருமையும் அதிகம்.

அந்தப் பெருமையைக் கட்டிக்காப்பது கார்வி பார்க் நினைவுக் காப்புக் கழகம். முகநூல் குழுவாகத் தொடங்கி, இன்று நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களுடன் தழைத்து நிற்கிறது. தலைவி லொரெயின் பிக்கெட், பள்ளி அலுவலகத்தில் முப்பது ஆண்டு பணியாற்றி, குழந்தைகளையும் பெற்றோரையும் ஒரே பார்வையில் உட்காரவைத்தவர். பொருளாளர் ராப்போ, குழாய் வேலைக்காரன். செயலாளர், டாரில் கமிலேரி என்கிற அடியேன். மூவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே கடை வாசலில் வளர்ந்தவர்கள்.

கழகத்தின் பணிகள் சாதாரணமானவை அல்ல. "வீடியோ கடைக் கம்பளத்தின் வாசனை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?" என்று போன வருடம் ஒரு பதிவு போட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஞாபகம் இருந்தது. ஸ்கேட்டிங் கூடத்தின் தரை நீலமா, பச்சையா என்ற விவாதம் ஆறு வாரம் நடந்தது. நீலக் கட்சியில் இருவரையும் பச்சைக் கட்சியில் ஒருவரையும் ஒழுங்கு நடவடிக்கையாக நீக்கினோம். பச்சைக்காரர் லொரெயினின் சொந்தத் தம்பி. நீதி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

இந்நிலையில்தான் நகராட்சி 'மரபுப் பாதை' ஒன்றை அறிவித்தது. மறைந்துபோன இடங்களுக்குப் பித்தளைப் பலகை வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்த இடம் உண்மையிலேயே மறைந்திருக்கவேண்டும். முதல் பலகை எதற்கு என்பதில் கருத்து வேறுபாடே எழவில்லை. ஃபிஞ்ச் தெரு மூலையில் இருந்த கானெல்லோஸ் மில்க் பார். பாலும் ரொட்டியும் விற்ற கடைதான். ஆனால் எங்களுக்கு அது மிட்டாய்ப் பொட்டலம், காசு போட்டு விளையாடும் பின்பால் எந்திரம், வாசலில் கவிழ்த்துப் போட்ட பால் கூடைகளின் மேல் முடிவில்லாத பிற்பகல்கள். கடைக்காரி ஸ்டாவ்ரூலா கானெல்லோஸ் எல்லோருக்கும் மிஸஸ் கே.

கடை எந்த ஆண்டு மூடப்பட்டது என்பதுதான் தெரியவில்லை.

"ரெண்டாயிரத்து ஒம்பது," என்றான் ராப்போ. "என் வேன்ல அந்தப் பக்கம் போனேன். கதவு பூட்டி, திரை போட்டிருந்தது. நெஞ்சு அடைச்சுப் போச்சுப்பா."

"இறங்கிப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"மனசு கேக்கல."

வாக்கெடுப்பு நடந்தது. எண்பத்து நான்கு பேர் 2009-ஐ உறுதி செய்தார்கள். அவர்களில் சிலர் கடைசி நாளில் அழுதுகொண்டே அங்கே நின்றதாகவும் எழுதினார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். லொரெயின் என்னை உட்காரவைத்தார்.

"டாரில், நினைவுங்கிறது சுத்தமான விஷயம். நேர்ல போய்ப் பார்த்து அதைக் கெடுக்கக் கூடாது."

என் வீட்டிலிருந்து ஃபிஞ்ச் தெரு பதினோரு நிமிட நடை. நான் கெடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை நாற்பத்து மூன்று பேர் மடக்கு நாற்காலிகளோடு திரண்டோம். மில்க் பாரின் நினைவாக ஆளுக்கொரு பாட்டில் சாக்லேட் பால் கையில் பிடிப்பது என்று தீர்மானம். பாலைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலிருந்து மொத்தமாக வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு வந்திருந்தோம். ராப்போ நடைபாதையில் அடுப்பை வைத்து சாசேஜ் வாட்டினான். கடையின் கண்ணாடியில் பழைய ஐஸ்கிரீம் விளம்பரங்கள் வெளுத்துத் தொங்கின. 'கைவிடப்பட்ட அழகு' என்று அதைப் படமெடுத்துப் பலர் பதிவேற்றினார்கள். பலகையைத் திறந்தோம். "கானெல்லோஸ் மில்க் பார், 1968–2009. எங்கள் பால்யம் இங்கே வாழ்ந்தது." ஒரு நிமிட மௌனம் தொடங்கியது.

நாற்பதாவது வினாடியில் கடைக் கதவு திறந்தது. கையில் துடைப்பத்தோடு, எண்பது தாண்டிய ஓர் அம்மாள் வெளியே வந்தார்.

"யாருடா அது, வாசலை மறிச்சு நாற்காலி போட்டது?"

மௌனம், தீர்மானத்தில் சொன்னதைவிட நீண்டது.

"மிஸஸ் கே?" என்றார் லொரெயின். குரல் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டது. "நீங்க... இருக்கீங்களா?"

"இல்லாம? கடையைத் தொறந்து வச்சிட்டு எங்கே போவேன்? நீ பிக்கெட் வீட்டுப் பொண்ணுதானே? என்னடீ, இப்படி நரைச்சுட்டே!"

"ரெண்டாயிரத்து ஒம்பதுல நீங்க மூடிட்டீங்களே," என்றான் ராப்போ, அவர் செய்த தப்பைச் சுட்டிக்காட்டுகிற தொனியில். "நானே பார்த்தேன். ஏப்ரல் மாசம், ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்கு எங்க கிரேக்க ஈஸ்டர்டா! வருஷத்துல ஒரு நாள்தான் மூடறேன். அந்த ஒரு நாள் பார்த்துத்தான் வருவியா?"

"எண்பத்து நாலு பேர் ஓட்டுப் போட்டாங்க, மிஸஸ் கே."

"எனக்கு ஓட்டு கெடையாதா?"

"குழுவுல சேரணும். மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பலகையைப் படித்தார். இரண்டு முறை படித்தார். "எழுத்து நல்லா வெட்டியிருக்கான்," என்றார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து முகம் மலர்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நடவடிக்கைக் குறிப்பில் அதை நான் பதிவு செய்யவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க புள்ளைங்களா. வாரத்துக்கு அறுபது லிட்டர் எடுக்கலேன்னா இந்தத் தெருவுக்கே வரமாட்டேன்னுட்டான் பால் வண்டிக்காரன். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பானாம். பால் இல்லாம மில்க் பார் எதுக்கு? இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான். நீங்க இத்தனை பேர் இருக்கீங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்தாலே அவன் வாயை அடைச்சுடலாம்."

நாற்பத்து மூன்று சாக்லேட் பால் பாட்டில்கள் நாற்பத்து மூன்று முதுகுகளுக்குப் பின்னால் மறைந்தன.

"கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்டான் ராப்போ.

"காசு மட்டும்தான்."

கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. இன்னும் காசு மட்டும்தான் வாங்குகிறார்களாம்! அப்படியே இருக்கிறதாம்! 'கார்டு இல்லை' என்ற அட்டையைக் கட்டிப்பிடிக்காத குறையாகப் படமெடுத்து முகநூலில் போட்டோம். ஆயிரத்து நூறு பேர் விரும்பினார்கள். காசு யாரிடமும் இல்லை.

உடனே நடைபாதையிலேயே அவசரப் பொதுக்குழு கூடியது. பொருள், பலகை. கடை உயிரோடு இருப்பதால் நகராட்சி நிபந்தனை மீறப்படுகிறது. தவறு எங்கள் பக்கமா, கடையின் பக்கமா என்பதில் இரு கருத்துகள் நிலவின. கடைசியில் லொரெயின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கதவருகே போனார்.

"மிஸஸ் கே, தப்பா எடுத்துக்காதீங்க. மூடறதா இருந்தா, சுமாரா எப்போன்னு உத்தேசம்?"

"பால் வண்டிக்காரனைக் கேளு," என்று சொல்லிவிட்டு அவர் எங்கள் சாசேஜ் புகையை வாசலிலிருந்து துடைப்பத்தால் விரட்டினார்.

கழகம் கைவிட்டுவிடவில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு லிட்டர் பால் ஃபிஞ்ச் தெருவில் வாங்குவது என்று அங்கேயே ஒருமனதாக நிறைவேற்றினோம். கைகள் உயர்ந்த வேகத்தைப் பார்த்து மிஸஸ் கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் முகநூலில் அறுநூறு இதயங்களைப் பெற்றது. "மனதளவில் அங்கே இருக்கிறேன்" என்று பெர்த்திலிருந்துகூட எழுதினார்கள். முதல் வாரம் மூன்று பேர் நேரிலும் போனார்கள். அவர்களில் ஒருவர் வழி கேட்கப் போனவர். இரண்டாம் வாரம் கால்பந்து இறுதிச் சுற்றுகள் தொடங்கிவிட்டன. மூன்றாம் வாரம் மழை. நான் நாலாவது வாரம் கட்டாயம் போவதாக இருந்தேன். காசெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அன்று சூப்பர் மார்க்கெட்டில் வேறு சாமான்களும் வாங்கவேண்டியிருந்தது. பால் அங்கேயே இருந்தது.

மாதம் முடிந்ததும் வண்டி நின்றது. அடுத்த வியாழக்கிழமை மிஸஸ் கே கடையை மூடினார். ஈஸ்டர் இல்லை.

அன்றைய இரங்கல் பதிவு கழக வரலாற்றில் ஒரு மைல்கல். இரண்டாயிரத்து முந்நூறு இதயங்கள், நானூறு புதிய உறுப்பினர்கள். "தெரிந்திருந்தால் வந்திருப்போமே!" என்று தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர்களே கதறினார்கள். ஆண்டைத் திருத்திப் பலகையைப் புதிதாக வார்த்தோம். நகராட்சி பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கடைசிவரை கடைக்குத் துணை நின்ற அமைப்பு என்று அதில் எங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். லொரெயின் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

புதிய உறுப்பினர்களில் ஒருவர் ஸ்டாவ்ரூலா கானெல்லோஸ். மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் எழுதியிருந்தார். சேர்ந்த அன்றே ஒரு பதிவும் அனுப்பினார். அதை அனுமதிக்கவேண்டியது செயலாளரின் பொறுப்பு. விதிகளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன். மறுக்க ஒரு காரணமும் இல்லை. இருந்தும் பதினோரு நாளாக அது என்னிடமே கிடக்கிறது. பழைய புகைப்படம் ஒன்று. கடை வாசலில், பால் கூடைகளின் மேல் மூன்று பிள்ளைகள் ஐஸ்கிரீம் வழிய உட்கார்ந்திருக்கிறோம். கீழே அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"இந்தப் புள்ளைங்களை யாருக்காவது ஞாபகம் இருக்கா? டாரில், லொரெயின், ராப்போ. தினமும் வருவாங்க. இப்போ இல்லை. இவங்களுக்கு ஒரு பலகை வைக்கலாம்னு இருக்கேன். எந்த வருஷம்னு போடறது?"