இரண்டு மந்திரிகளும் ஒரு தனி ராஜாவும்

குட்டாய்சி நகரத்து ஷால்வாவுக்கு ஒரே மருமகன். பெயர் பேசிக். ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம், கல்யாண விருந்து. ஷால்வா கோப்பையை உயர்த்தி வாழ்த்துரை தொடங்கினார். முன்னோர்களை வாழ்த்தினார், மலைகளை வாழ்த்தினார், திராட்சைக் கொடிக்கு வந்தபோது மாப்பிள்ளை மெதுவாக, "மாமா, கச்சாப்புரி ஆறுது" என்றான். பந்தியே சிரித்தது. அந்தச் சீஸ் ரொட்டி ஆறியது, ஷால்வாவின் மனசுதான் ஆறவில்லை. இனி போத்தியில் இருக்கும் மகள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அன்றே சபதம் போட்டார்.

இப்போது பேரனுக்கு ஞானஸ்நானம். வருகிற ஞாயிறு. மனைவி லமாரா கெஞ்சிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். பீன்ஸ் குழம்பில் உப்பை நிறுத்திப் பார்த்தாள். கடைசியில் ஷால்வாவே இறங்கி வந்தார், கையில் சதுரங்கப் பலகையோடு. ஒரே ஆட்டம். அவர் தோற்றால் போத்திக்கு வருவார். தோற்காவிட்டால் அவள் இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"டிரா ஆனா?" என்றாள் லமாரா.

"டிரா ஆனா நான் தோக்கலையே."

பெருமூச்சு விட்டுக் காய்களை அடுக்கினாள். ஷால்வா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். லமாரா கெட்டிக்காரிதான், ஆனால் குறுக்கே மட்டும் போகிற இரண்டு மந்திரிகளை வைத்துக்கொண்டு தனி ராஜாவை மடக்க அவளுக்கு வராது. மூலை வரை விரட்டுவாள். அங்கே செக்கும் வைக்காமல், நகர இடமும் விடாமல் அடைத்துவிடுவாள். ஆட்டம் டிரா. போன மாதம்கூட அப்படித்தான் கோட்டை விட்டாள்.

ஆகவே அவர் ஜெயிக்க ஆடவில்லை. சொத்தையெல்லாம் தானம் செய்கிறவர் போல ஆடினார். யானைக்கு யானை, ராணிக்கு ராணி. கடைசியில் அவளிடம் மிச்சமிருந்த ஒற்றைச் சிப்பாயையும், தன் குதிரையைக் கொடுத்துத் தீர்த்துக் கட்டினார். அவர் பக்கம் ராஜா மட்டும். அவள் பக்கம் ராஜாவும் இரண்டு மந்திரிகளும். ஷால்வா சாய்ந்து உட்கார்ந்து ஒயின் ஊற்றிக்கொண்டார்.

மந்திரிகள் நடுப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள், வேலி போட்ட மாதிரி. ராஜா பின்வாங்கினார். வேலி ஒரு கட்டம் முன்னால் வந்தது. ராஜா ஓரத்துக்குப் போனார். லமாராவின் ராஜாவும் சாவகாசமாக நடந்து வந்து சேர்ந்துகொண்டார். பிறகு மூலை. வழக்கமாக அவள் சொதப்புகிற அதே இடம். ஷால்வா கைகுலுக்கத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

லமாரா காயைத் தொடப் போனவள் நிறுத்தினாள். ஒரு மந்திரியைச் சும்மா, பொழுதுபோகாதவள் மாதிரி, ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். ராஜா வேறு வழியில்லாமல் நகர்ந்தார். ஒரு மந்திரி செக் சொன்னார். ராஜா மூலைக்குள் ஒதுங்கினார். மற்ற மந்திரி கதையை முடித்தார்.

ஷால்வா ஒயின் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போன மாசம் உனக்கு இது தெரியாதே?"

"தெரியும். அப்பவே ஜெயிச்சுக் காட்டியிருந்தா இன்னைக்கு நீ குதிரையைத் தூக்கிக் குடுத்திருப்பியா?"

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீ பூங்காவுக்கு ஆடப் போனதும் தினம் போன்ல பேசுவோம். மாப்பிள்ளைதான்."

ஷால்வா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சதுரங்கக்காரர் அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை. இதிலிருந்து தப்பிக்க ஏதாவது வழி சொன்னானா என்று கேட்டார்.

"நானும் கேட்டேன்," என்றாள் லமாரா, காய்களைப் பெட்டியில் போட்டபடி. "ராஜா வீம்புக்குத் தனியா நின்னா, வழியே கிடையாதாம். ஞாயித்துக்கிழமைக்கு உன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வெச்சாச்சு."