மாமனாருக்குக் குளிர் ஆகாது

ஐப்பசித் தூறல் பெங்களூர் மர்பி டவுனில் இறங்கிய முதல் காலையிலேயே ஓஸ்வால்ட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மாமனாரைக் குளிரிலிருந்து காப்பாற்றியே தீருவது.

மாமனார் கிளிஃபர்டுக்கு எண்பதைத் தாண்டிய வயது. "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று போன வருஷம் வந்தவர், டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். ரிட்டயர் ஆனதும் நிம்மதியாக கிரிக்கெட் பார்க்கலாம் என்றிருந்த ஓஸ்வால்ட், பக்கத்து வீட்டு ஜன்னலோரம் நின்று ஸ்கோர் கேட்க வேண்டியதாயிற்று. ஆகவே அவருடைய அக்கறையெல்லாம் மாமனாரை அக்கரைக்கு அனுப்புவதில்தான். அக்கரை என்பது சேலம். மைத்துனன் ஆல்வின் அங்கேதான் இருந்தான்.

டிபன் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"மௌரீன், இந்த சீசன் வயசானவங்களுக்கு ரொம்ப மோசம். மாமாவை நாமதான் ஜாக்கிரதையா பார்த்துக்கணும்."

மௌரீன் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்பாவைப் பற்றி அவர் தானாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"என்னங்க பண்ணணும்?"

"முன் ரூம்ல காத்து ஊசியா குத்துது. சளி கட்டிக்கும். சேலத்துல பாரு..."

"சரியாச் சொன்னீங்க."

சாயங்காலத்துக்குள் மாமனார் அவர்களுடைய படுக்கையறைக்குக் குடிபோனார். டிவியும் கூடப் போயிற்று. ஓஸ்வால்டின் கனமான ரஜாய்ப் போர்வையும் போயிற்று. முன் அறை சோபாவில் படுத்தபோது, தான் சொன்னது பொய்யில்லை என்று ஓஸ்வால்டின் முதுகுக்குத் தெரிந்தது.

அவர் விடவில்லை.

"பாத்ரூம் தரை வழுக்குது. விழுந்தா இடுப்பு போயிடும். ஆல்வின் வீட்ல பாரு..."

ஆள் வந்து கைப்பிடிக் கம்பி மாட்டிவிட்டுப் போனான்.

"ஈர ரோட்டுல தனியா வாக்கிங் போறாரே."

மறுநாளிலிருந்து அல்சூர் ஏரிக்கரையில் மாமனாருக்குக் குடை பிடித்தபடி ஓஸ்வால்ட் நடந்தார்.

"ஃப்ளூ ஊசி போடணுமே. அந்தக் கூட்டத்துல மாமாவால நிக்க முடியுமா?"

மௌரீன் ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் நிருபமா, அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி முதலில் ஓஸ்வால்டின் சட்டைக் கையை மடித்தார். "பய படபேடி சார்" என்றார் கன்னடத்தில். "பயப்படாதீங்க மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கோங்க" என்றார் மாமனார்.

கை வீங்கிய கோபத்தில் ஓஸ்வால்ட் வீடு வந்ததும் நேராகவே சொல்லிவிட்டார்.

"மௌரீன், மாமா சேலத்துக்குப் போறதுதான் அவருக்கு நல்லது."

உள்ளேயிருந்து மாமனார் வந்தார். கையில் பெட்டி. ஓஸ்வால்டுக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு சுலபமா?

மாமனார் பெட்டியைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"தூறல் போட்ட அன்னைக்கே கட்டி வச்சிட்டேன் மாப்பிள்ளை. இந்தக் குளிர் நமக்கு ஆகாது, ஆல்வின்கிட்டயே போயிடலாம்னு. மௌரீன்தான், 'கொஞ்சம் பொறுங்க டாடி, அவர் என்னல்லாம் செய்றார்னு பாருங்க'ன்னா. கம்பி, குடை, ரஜாய். பெத்த பிள்ளை செய்வானா? இனி எங்கேயும் போகமாட்டேன்."

ஓஸ்வால்ட் சோபாவில் உட்கார்ந்தார். மாமனார் உள்ளே போய் டிவி போடும் சத்தம் கேட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கம்பி மாட்டியிருப்பீங்களா?"

ஓஸ்வால்ட் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"பாவம் ஆல்வின். அப்பா வருவார்னு எவ்வளவு ஆசையா இருந்திருப்பான்."

"அதான் அவனைக் குடும்பத்தோட இங்க வரச் சொல்லிட்டேன். கிறிஸ்மஸ் முடிஞ்சுதான் போவாங்க. கொஞ்சம் எழுந்திருங்க, ஆல்வின் படுக்கிறதுக்கு அந்த சோபாவுக்கு வேற உறை மாட்டணும்."