நைஜீரியா மாமியின் நீலத் துணி

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாருடைய துணியைப் பார்த்தாலும் ஒருமுறை நனைத்துப் பிழிந்து காயப்போட்டால்தான் மனசு ஆறும். கரமனையில் எங்கள் தெருவில் இதை வியாதி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பெட்டியில் கிடந்த துணியை அப்படியே எடுத்து விசேஷத்துக்குக் கட்டக்கூடாது, தண்ணீரும் வெயிலும் பட்டால்தான் மடி, ஆசாரச் சுத்தம், என்று கேட்டு வளர்ந்தவள் நான். என்னைப் பெண் பார்க்க வந்தவர் மறந்து வைத்துவிட்டுப் போன கைக்குட்டையைக்கூடத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். (அதை வாங்க வந்த சாக்கில்தான் கல்யாணமே நிச்சயமானது. பாவம், அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.)

நான் எங்கள் திருவனந்தபுரத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் இருந்துவிட்டு எங்களுக்கு எச்.ஆர். மேனேஜராக வந்த ஷீபா மேடம் ஒருநாள் கூப்பிட்டார்.

"அங்கே வருஷாவருஷம் கறுப்பின மரபைக் கொண்டாடும், மைதிலி. நம்ம கிட்டயும் நைஜீரியா, கென்யாவில இருந்து ட்ரெயினிங்குக்கு வந்த டாக்டர்மார், நர்ஸ்மார் பத்து பேர் உண்டு. பாட்டு, படம், துணி, எல்லாம் வச்சு ஓ.பி. ஹாலில ஒரு கலை நாள் நடத்தணும். மைதிலி நல்லா கோலம் போடுமில்லே? அப்போ ஏற்பாடு மைதிலிதான், கேட்டோ."

கோலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். ‘கறுப்பு’ என்று எழுதக் கை வரவில்லை. ஒருவரை நேருக்கு நேர் கறுப்பு என்பதா? சே, மரியாதையில்லையே! எனக்கு வரன் தேடியபோது அனுப்பிய அத்தனை கடிதங்களிலும் என்னைக் ‘கோதுமை நிறம்’ என்று எழுதிய குடும்பம் எங்களுடையது. (அது அடுப்பில் கருகிய கோதுமையாக இருக்க வேண்டும்.) அதே நாகரிகத்தோடு, ‘கோதுமை நிற மக்களின் கலை விழா’ என்று ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன்.

பத்து நிமிஷத்தில் டாக்டர் ஃபுன்மி என் மேசைக்கு வந்தாள். நைஜீரியாவிலிருந்து எலும்பு சிகிச்சை படிக்க வந்தவள். நோயாளிகளோடு பேசிப் பேசிக் கற்ற மலையாளமும் ஆங்கிலமும் கலந்துதான் என்னோடு பேசுவாள்.

"சேச்சி, எங்களுக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம்?"

எழுத்துப் பிழையோ என்று நோட்டீஸ் நகலை எடுத்துப் பார்த்தேன்.

"நாங்க கறுப்பு, சேச்சி. அதைச் சந்தோஷமா சொல்றதுக்குத்தானே இந்த விழாவே?"

வெட்கத்தில் காது சுட்டது. நோட்டீஸைக் கிழித்துவிட்டு, ‘கறுப்பு’ என்று பெரிதாக எழுதினேன். அதற்கு மேலாவது நான் அடங்கியிருக்கலாம்.

விழாவுக்கு முந்தின நாள் ஃபுன்மி ஒரு துணியைக் கொண்டுவந்து விரித்தாள். கருநீலம். அதில் வெளிர்நீலக் கோடுகளாகப் பறவையும் இலையும் கட்டங்களும். மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதைக் கோழி இறகால் தொட்டுத் துணியில் வரைந்து, காய்ந்ததும் நீலச் சாயத்தில் முக்குவார்களாம். மாவு இருந்த இடத்தில் சாயம் ஏறாது.

"மரச்சீனியா! நாங்க அதைச் சிப்ஸ் போட்டுச் சாப்பிடறோமே!" என்றேன்.

"நான் டாக்டருக்குப் படிக்கப் போனப்ப அம்மா வரைஞ்சு கொடுத்தது. இப்ப அம்மாவுக்குக் கை நடுங்குது, வரையறதை விட்டுட்டாங்க. நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டு மேடையில பேசப்போறேன். அம்மா வீடியோ காலில பாப்பாங்க. இன்னைக்கு உங்க அலமாரியில இருக்கட்டும், சேச்சி. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஒண்ணும் செய்ய வேண்டாம்! அந்த வார்த்தை மட்டும் என் காதில் ஏறவில்லை. துணியில் லேசாகப் பெட்டி வாசனை அடித்தது. ஒரு தாயார் கையால் வரைந்த துணி, இப்படியா மேடை ஏறுவது?

விடிந்ததும் அதை ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே பொறுப்பு மாரியப்பன் அண்ணாச்சி. சங்கரன்கோவில்காரர்.

"இது சாயம் போவும் போலிருக்கேம்மா. தனியா உப்புத் தண்ணியில முக்கிப் பாக்கணும். சாயா குடிச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் தொட்டுராதிய."

அவர் போனார். எதிரே பெரிய மெஷின் திறந்தே இருந்தது. உள்ளே ஏற்கெனவே ஏதோ துணி. ஒரு அலசு அலசினால் போதாதா? போட்டேன், பொத்தானை அமுக்கினேன்.

உள்ளே இருந்தவை விழாவுக்காகப் போட்டிருந்த டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள். மெஷின் ஓடியது கொதிக்கிற வெந்நீரில். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தண்ணீர் நீலமாக இருந்தது. கதவை இழுத்தேன், குத்தினேன், பிள்ளையாரை வேண்டினேன். முக்கால் மணி நேரம் ஓடி முடியாமல் அந்தக் கதவு திறக்காது.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கிய!" திரும்பி வந்த அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தபோது இருபது கோட்டுகளும் திட்டுத்திட்டாக நீலம். ஃபுன்மியின் துணி பாதிக்குப் பாதி வெளுத்திருந்தது. பறவைகள் இருந்தன, ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன.

ஈரத் துணியைப் பக்கெட்டில் வைத்து எடுத்துப் போனேன். பக்கெட்டை நீட்டினேன். ஃபுன்மி துணியை எடுத்தாள், விரித்தாள், மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"அம்மா இப்ப கூப்பிடுவாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த ஈரத் துணியையே உடம்பில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

ஓ.பி. ஹாலில் பெரிய திரையில் அந்த அம்மாள் தோன்றினார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்புறம் துணியைப் பார்த்தார். முகம் மாறியது. சத்தமாக ஏதோ கேட்டார்.

"வெந்நீரில போட்டது யாருன்னு கேக்கறாங்க," என்றாள் ஃபுன்மி.

நான் கைகூப்பி முன்னால் போய் நின்றேன். முந்நூறு பேர் முன்னிலையில், புரியாத பாஷையில் ஐந்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வார்த்தையும் நன்றாகப் புரிந்தது. ஃபுன்மி கால்வாசிகூட மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் பின்னால் டாக்டர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். வேறு கோட்டு இல்லாததால் எல்லோரும் நீலத் திட்டுக் கோட்டில், தலைமை டாக்டர் உட்பட. அந்த அம்மாள் திட்டுவதை நிறுத்தினார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஃபுன்மியும் சிரித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது.

"கோடு அழியலையே, அது மேலேயே மாவைத் தொட்டுச் சாயத்தை மறுபடி ஏத்திக்கலாம்னு சொல்றாங்க, சேச்சி. ஆனா துணி இருக்கிற பக்கம் நீங்க போகக் கூடாதாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் சரி, கணவரோ மகளோ குரல் கொடுப்பார்கள்: "நைஜீரியா மாமிக்குப் போன் போடட்டுமா?" நானும் கீழே வைத்துவிடுவேன்.

போன வருஷம் ஊருக்குப் போய்த் திரும்பிய ஃபுன்மி என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். உள்ளே கைக்குட்டை அளவில் ஒரு நீலத் துணி, நடுவில் ஒரே ஒரு பறவை. கோடெல்லாம் வளைந்து நெளிந்து, இறக்கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது.

"அம்மாவே வரைஞ்சாங்க, சேச்சி. இத்தனை வருஷத்துக்கப்புறம் இறகை எடுத்தது உங்களுக்காகத்தான். துவைக்காம வச்சிருக்கணும்னு சத்தியம் வாங்கச் சொன்னாங்க."

அது என் அலமாரியில் இருக்கிறது. பெட்டி வாசனை பலமாகவே அடிக்கிறது. கை துறுதுறுவென்றுதான் இருக்கிறது. ஆனாலும் அந்த நடுங்கிய கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், மடியாவது மண்ணாவது என்று அப்படியே மூடி வைத்துவிடுகிறேன்.